கடைசித் தூணுக்கு அந்தப் பக்கம்

இந்த ஊர்த் தேவாலயத்தில் வாசலுக்கும் பீடத்துக்கும் நடுவில் நேர்வழி கிடையாது. வாசலில் நுழைந்து கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் முதல் தூணில் நெற்றி இடிக்கும். அதைச் சுற்றிப் போனால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. இதையெல்லாம் தப்பித்துவிட்டோம் என்று நிமிரும்போது பீடத்துக்கு நேர் முன்னால், போதகர் நிற்கும் இடத்தை மறைத்துக்கொண்டு, கிணற்றுச் சுவர் பருமனில் கடைசித் தூண் நிற்கும். பிரசங்கம் நடக்கும்போது சபையில் பாதிப் பேருக்குப் போதகரின் இடது கை தெரியும், மீதிப் பேருக்கு வலது கை. முழுப் போதகரையும் ஒருசேரப் பார்த்தவர்கள் ஊரில் குறைவு. அதை ஒரு நஷ்டமாக யாரும் இதுவரை சொன்னதில்லை.

கட்டடம் இப்படி ஆனதற்குச் சாத்தானைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் மேலத்தெருவும் கீழத்தெருவும் செய்த வேலை. சபையை ஆரம்பித்த முதல் போதகர் நெட்டையான மனிதர், நல்லவர், கொஞ்சம் அப்பாவி. உள்ளே ஒரு தூண்கூட இல்லாத, ஓட்டுக் கூரை போட்ட கட்டடத்தைக் காகிதத்தில் அழகாக வரைந்து, தரையில் முளையடித்துக் கயிறு கட்டிக் காட்டினார். வடக்குச் சுவரை மேலத்தெருக்காரர்களிடமும் தெற்குச் சுவரைக் கீழத்தெருக்காரர்களிடமும் ஒப்படைத்தார். ஒப்படைத்த கையோடு காய்ச்சலில் படுத்துவிட்டார். இரண்டு தெருவுக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் இன்றைக்கும் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள்.

வேலை செய்யும் நேரமெல்லாம் அவர்கள் மூஞ்சியில் விழிக்க வேண்டியிருக்கிறதே என்று மேலத்தெருக்காரர்கள் கயிற்றைக் கொஞ்சம் வடக்கே தள்ளிக் கட்டினார்கள். அவர்களுக்கே இவ்வளவு இருந்தால் நமக்கு எவ்வளவு இருக்கும் என்று கீழத்தெருக்காரர்கள் தெற்கே தள்ளினார்கள். போதகர் காய்ச்சல் தெளிந்து, தடியூன்றி வந்து பார்த்தபோது இரண்டு சுவரும் ஆளுயரம் எழும்பி, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. நடுவில் ஒரு வண்டியைத் தாராளமாகத் திருப்பலாம். மேலத்தெரு ஜன்னல்களுக்குத் தலையில் கூரான வளைவு. கீழத்தெருக்காரர்கள் அது கத்தோலிக்க ஜாடை என்று சொல்லி, தங்கள் ஜன்னல்களைப் பெட்டி மாதிரிச் சதுரமாக வைத்திருந்தார்கள். கூடவே, யாரும் கேட்காமலே, தங்கள் சுவரில் பீடத்துக்குப் பக்கமாக ஒரு சின்னக் கதவும் வைத்துக்கொண்டார்கள். மேலத்தெருக்காரர்கள் போகும் வாசல் வழியாகவே நாமும் போக வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி.

உத்தரம் ஏற்றுகிற நாளில் ஒரு மரமும் எட்டவில்லை. இடித்துக் கட்டலாம் என்றார் போதகர். யார் சுவரை என்று இரண்டு தெருவும் ஒரே குரலில் கேட்டன. அவர்கள் ஒரே குரலில் பேசியது அந்த ஒரு தடவைதான் என்பார்கள். பிறகென்ன, நடுவில் வரிசையாக நான்கு தூண் நிறுத்தி, இந்தச் சுவரிலிருந்து ஒரு உத்தரம், அந்தச் சுவரிலிருந்து ஒரு உத்தரம் என்று தூண் தலையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். முதல் மூன்றும் மரத்தூண்கள். கடைசித் தூண் பீடத்தருகே இருப்பதால் கௌரவமாக இருக்கட்டுமென்று மேலத்தெருக்காரர்கள் அதைச் செங்கல்லால் கட்டினார்கள். அந்தப் பெருமை அவர்களுக்கே போய்விடுமே என்று கீழத்தெருக்காரர்கள் அதைச் சுற்றி இன்னொரு வரிசை வைத்தார்கள். மேலத்தெரு சும்மா இருக்குமா, அதன்மேல் இன்னொரு சுற்று. போதகர் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் ஓய்ந்தார்கள். அதற்குள் இரண்டு ஆள் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அளவுக்குத் தூண் பருத்துவிட்டது. தூணுக்கு வடக்கே ஆண்கள், தெற்கே பெண்கள் என்று உட்காரும் வழக்கமும் அப்போதே ஏற்பட்டது.

இதையெல்லாம் சொன்னால்தான் பெட்டிக்காரர் கதை புரியும்.

பெட்டிக்காரர் என்றால் சவப்பெட்டி செய்கிறவர். மேலத்தெருவில் பட்டறை, பட்டறைக்குப் பின்னால் வீடு, வீட்டில் கல்யாணமாகிச் சீக்கிரமே தனியாகிவிட்ட அவருடைய அக்கா. நல்ல வேலைக்காரர். மூலைகள் சேருமிடத்தில் முடிகூட நுழையாது. ஆனால் தொழிலுக்கென்று ஒரு சாபம் இருக்கிறதே. யாரையாவது பார்த்தால் அவர் கண் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை இறங்கி ஏறும். அவர் வேண்டுமென்று செய்வதில்லை, பழக்கம். அதனால் தெருவில் அவரிடம் யாரும் நின்று பேச மாட்டார்கள், நடந்துகொண்டே பேசுவார்கள். சொந்தச் சித்தப்பா உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது ஆசையாகப் பார்க்கப் போனார். சித்தப்பா அவரைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, "நான் நல்லாத்தான்டா இருக்கேன், நீ கிளம்பு" என்றார். அதோடு நோயாளிகளைப் பார்க்கப் போவதையே விட்டுவிட்டார்.

அவருக்கும் கடைசித் தூணுக்கும் தொழில்ரீதியாகவே ஆகாது. பெட்டி வாசலில் நுழைந்து மரத்தூண்களை ஒட்டி ஒருவழியாக வந்துவிடும், கடைசித் தூணருகே வந்ததும் திரும்ப இடமிருக்காது. முன்னால் பிடித்தவர் ஒருபுறம் இழுக்க, பின்னால் பிடித்தவர் மறுபுறம் தள்ள, உள்ளே இருப்பவர் குலுங்குவார். ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாரின் பெட்டி சிக்கிக்கொண்டு, அதை எடுப்பதற்குள் இரண்டு பாட்டுப் பாடி முடித்துவிட்டார்கள். அதிலிருந்து பெட்டியைத் தூணுக்கு இந்தப் பக்கமே வைத்துவிடுவது என்றாயிற்று. செத்தவருக்கும் போதகர் முகம் தெரியாது.

ஆனால் பெட்டிக்காரருக்குத் தூண்மேல் இருந்த உண்மையான பகை வேறு. அது அவருடைய கல்யாணத்தில் வந்தது.

இந்தச் சபையில் கல்யாணம் எப்படி நடக்கும் என்றால், மணமகனும் மணமகளும் வாசலில் கைகோத்து, தூண் வரிசைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள் என்று நடந்து வருவார்கள். மரத்தூண் வரும்போது கையை விட்டு, தாண்டியதும் பிடித்துக்கொள்ளலாம். கடைசித் தூணில் அது நடக்காது. இருவரும் கையை விட்டுப் பிரிந்து, ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு போதகருக்கு முன்னால் மறுபடி சேர வேண்டும். யார் முதலில் அந்தப் பக்கம் வந்து சேர்கிறார்களோ அவர்கள் பேச்சுத்தான் வீட்டில் செல்லும் என்று யாரோ எப்போதோ கிளப்பிவிட்டார்கள். இது மூடநம்பிக்கை என்று வந்த போதகர்கள் எல்லோரும் கண்டித்திருக்கிறார்கள். கண்டித்துவிட்டு யார் முதலில் வருகிறார்கள் என்று கழுத்தை நீட்டிப் பார்த்தும் இருக்கிறார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிய மணமகள் உண்டு. வழுக்கி விழுந்து, தவழ்ந்தே முதலில் வந்து சேர்ந்த மாப்பிள்ளையும் உண்டு. கடைசிவரை அவர் வீட்டில் அவர் பேச்சு எடுபடவில்லை என்பது வேறு விஷயம்.

பெட்டிக்காரருக்கு அப்போது மீசை அரும்பி முடிந்த வயது. கீழத்தெருப் பெண். பார்த்துப் பேசிப் பிடித்துத்தான் கல்யாணம். கூட்டாளிகள் ஒரு வாரம் பட்டறையில் வைத்து அவரைப் பழக்கினார்கள்; மரப்பலகைகளை அடுக்கித் தூண் மாதிரி நிறுத்தி, அதைச் சுற்றி ஓடவிட்டார்கள். கல்யாணத்தன்று அவர் காற்றாகச் சுற்றி வந்து போதகர் முன் நின்றார். ஜெயித்த சந்தோஷத்தில் ஆண்கள் பக்கம் பார்த்துச் சிரித்தார். கூட்டாளிகளும் பல்லைக் காட்டினார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்தது. மணமகளைக் காணோம். போதகர் இருமினார். இன்னொரு பாட்டை ஆரம்பித்தார்கள். அப்போதும் அவள் வரவில்லை. கடைசியில் யாரோ எட்டிப் பார்த்து, தெற்குச் சுவர்க் கதவு திறந்து கிடக்கிறது என்றார்கள். அவள் மத்தியான பஸ்ஸில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டதாகச் சாயங்காலம் செய்தி வந்தது. பிறகு அங்கேயே ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கிறாள்.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இவர் வேறு யாரையும் கட்டவில்லை. கேட்கிறவர்களிடமெல்லாம் ஒரே பதில் சொன்னார்.

"அந்தத் தூண் மட்டும் இல்லேன்னா அவ ஓடுறதப் பாத்திருப்பேன். பாத்திருந்தா விட்டிருப்பேனா? கட்டுனவனுங்களச் சொல்லணும்."

கட்டினவர்கள் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் கிடந்தார்கள். ஆனாலும் அவர் விடவில்லை. சபைக் கமிட்டியில் சேர்ந்ததே தூணை இடிப்பதற்காகத்தான். கூடுகிற ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து, "தூண் விஷயம்" என்பார். எல்லோரும் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போவார்கள்.

இப்படி இருக்கும்போது அவருக்கு ரொட்டிக்கடைக்காரம்மாமேல் பிரியம் வந்தது. அவள் கீழத்தெரு முனையில் கடை வைத்திருந்தாள். புஜம் பெருத்த, குரல் பெருத்த பெண்மணி. கணவர் செத்து ஏழெட்டு வருஷம். அவருக்குப் பெட்டி செய்தது இவர்தான். அன்றைக்கு அழுது வீங்கிய கண்ணோடு பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "அவர் கட்டில்கூட இவ்வளவு வசதியா இருந்ததில்ல" என்றாள். தொழிலில் யாரும் அவரைப் பாராட்டினதில்லை. பாராட்டக்கூடியவர்கள் எழுந்து பேசுகிற நிலையில் இருப்பதில்லை. அந்த ஒரு வார்த்தை அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கடைக்கு ரொட்டி வாங்கப் போனார். தினமும் போனார். சூளையிலிருந்து ரொட்டி எடுக்கிற நீளமான மரத்துடுப்பு உடைந்தபோது பட்டறையில் மிஞ்சிய பலகையில் புதிதாக ஒன்று செய்து கொடுத்தார். அது எந்தப் பலகை என்று ஊர் கேலி செய்தது. "ரொட்டிக்குத் தெரியாது, நீங்க தின்னுங்க" என்று அவள் எல்லோர் வாயையும் அடைத்தாள்.

ஒருநாள் காலையில் கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து, "ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"சீக்கிரம் கேளுங்க, ரொட்டி கருகுது."

"நாம ரெண்டு பேரும் தனித்தனியா அடுப்பு மூட்டுறோம். ஒரே வீட்டுல இருந்தா விறகு மிச்சமாகும்."

அவள் துடுப்பைக் கீழே வைத்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் மாவுக்கையால் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் வெள்ளையாகும்வரை சிரித்தாள். அன்றைக்கு ரொட்டி நிஜமாகவே கருகியது. "சரி" என்றாள். அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அதே வாரம், அவர் முப்பது வருஷமாகக் கேட்டதும் கிடைக்கும்போலாகிவிட்டது. அப்போதிருந்த போதகர் புதியவர், இளைஞர், எதையாவது மாற்றினால்தான் வந்ததற்கு அடையாளம் என்று நினைக்கிறவர். அவருடைய மச்சான் கட்டட காண்டிராக்டர். மச்சான் வந்து கூரையை அண்ணாந்து பார்த்து, தூணைத் தட்டிப் பார்த்து, குறுக்கே ஒரு இரும்பு உத்தரம் கொடுத்தால் கடைசித் தூணை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். கமிட்டியில் மேலத்தெருக்காரர்கள் எடுக்கலாம் என்றார்கள். அதனாலேயே கீழத்தெருக்காரர்கள் எடுக்கக் கூடாது என்றார்கள். பெட்டிக்காரரையும் சேர்த்தால் எடுக்கிற பக்கம் ஒரு தலை அதிகம். முடிவு வரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு என்று வைத்தார்கள்.

அவர் நேரே ரொட்டிக்கடைக்கு ஓடினார்.

"தூண் போகப் போகுது. அது போன மறுவாரமே நம்ம கல்யாணத்த வெச்சுக்கலாம்."

அவள் மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"தூண் போனப்புறம்தானா?"

"ஆமா. அது நிக்குறப்ப என்னால முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

"தூண் இருந்தா நானும் ஓடிப் போயிடுவேன், அதானே?"

"ஐயையோ, நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்னீங்க? இந்த உடம்ப வெச்சுக்கிட்டு நான் எங்க ஓடப் போறேன்? சந்தேகத்தோட ஒருத்தர் என்னக் கட்டிக்க வேண்டாம். விறகு மிச்சமாகலேன்னா பரவாயில்ல."

பெட்டிக்காரர், பேச்சை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல், பழக்கப்பட்ட வார்த்தையிலேயே போய் விழுந்தார்.

"அந்தத் தூண் இல்லேன்னா அன்னைக்கு அவ ஓடுறத நான்..."

"ஓடுனாளா?" அவள் கையிலிருந்த மாவைப் பலகையில் அறைந்தாள். "யாரு சொன்னது ஓடுனாள்னு? நான் முன்வரிசைல உக்காந்திருந்தேன். அவ என் கூட்டாளி. அந்தத் தூணுக்குப் பக்கத்துல அவ நின்னா. கைய உதறிட்டு ஓடினீங்களே, அப்பவே நின்னுட்டா. என்னடி நிக்குறேன்னு கேட்டேன். திரும்பி வந்து பாக்குறாரான்னு பாப்போம்னு சொன்னா. பாட்டு முடிஞ்சு அடுத்த பாட்டு வர்ற வரைக்கும் நின்னா. நீங்க அந்தப் பக்கம் சிரிச்சுக்கிட்டு நின்ன சத்தம் எங்களுக்குக் கேட்டுச்சு. அப்புறம் போயிட்டா. நடந்துதான் போனா."

அவர் கடைப் படியில் இறங்கினார்.

"நான் மட்டும் பாக்கல. தெக்குப் பக்கம் உக்காந்திருந்த அத்தன பேருக்கும் தெரியும்."

வீட்டுக்கு வந்தார். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து சவப்பெட்டிக்கு உள்ளே விரிக்கிற வெள்ளைத் துணிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு அவ நின்னாளா?"

யார், எப்போது என்று அக்கா கேட்கவில்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"நின்னா."

"உனக்கும் தெரியும்."

"நானும் அந்தப் பக்கம்தானே உக்காந்திருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா தாங்குவியா? ஒரு மாசம் சோறு தண்ணி இல்லாம கிடந்த. தூணத் திட்ட ஆரம்பிச்சப்புறம்தான் எழுந்து உக்காந்த. சரி, திட்டிட்டுப் போகட்டும்னு விட்டேன். செங்கல்லுக்கு என்ன, வலிக்கவா போகுது?"

"ஊர்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கு."

"பொம்பளைங்க பாதி," என்றாள் அக்கா. "உங்க பாதிக்கு எதுதான் தெரிஞ்சிருக்கு."

முப்பது வருஷமாக இவர் கமிட்டியில் எழுந்து "தூண் விஷயம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும் வழியில், எத்தனை பெண்கள் எத்தனை ஜன்னலுக்குப் பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டார்களோ. அதை நினைத்தபோது அவருக்குக் காது சுட்டது.

மறுநாள் மத்தியானம் தேவாலயச் சாவியை வாங்கிக்கொண்டு, பெஞ்சு ரிப்பேர் என்று பொய் சொல்லிவிட்டு, தனியாக உள்ளே போனார். வாழ்நாளில் முதல்முறையாகப் பெண்கள் பக்கமாக நடந்தார். அங்கே வெளிச்சமே வேறு மாதிரி இருந்தது. சதுர ஜன்னல்கள் வழியாக வெயில் பளீரென்று தரையில் விழுந்திருந்தது. கடைசித் தூணுக்குப் பக்கத்தில், அவள் நின்றிருக்கக்கூடிய இடத்தில் நின்று பார்த்தார். பத்து எட்டு வைத்தால் தெற்குக் கதவு. தூணைச் சுற்றிப் போனால் பீடம் நாலைந்து எட்டு. அவ்வளவுதான் தூரம். தான் நின்ற இடம் அவ்வளவு கிட்டத்தில் இருந்தது என்பதே அவருக்கு இத்தனை வருஷம் தெரியவில்லை. அவள் ஒரு எட்டு வைத்து எட்டிப் பார்த்திருக்கலாமே என்று ஒரு கணம் கோபம் வந்தது. தானும் வைத்திருக்கலாமே என்று அடுத்த கணமே தோன்ற, தூணில் கையூன்றி நின்றார். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, அந்தப் பெண் பாட்டு முடியும்வரை நின்றாளே என்பதுதான் அவரால் தாங்க முடியவில்லை. முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். மூக்கைச் சிந்திவிட்டு, வந்ததற்கு ஆடிக்கொண்டிருந்த ஒரு பெஞ்சுக்காலை நிஜமாகவே தட்டிச் சரிசெய்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. போதகர் மச்சானின் வரைபடத்தை மேஜையில் விரித்து, நான்கு மூலையிலும் பாட்டுப்புத்தகத்தை வைத்தார். மேலத்தெரு கை தூக்கியது. கீழத்தெரு கையைக் கட்டிக்கொண்டது. பெட்டிக்காரர் கை எழும்பவில்லை.

"என்னங்க, உங்க விஷயம்தானே?" என்றார் போதகர்.

"தூண் இருக்கட்டும், பாஸ்டர்."

மேலத்தெருக்காரர்கள் அவரைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். ஒருவர், "இவன் கீழத்தெரு ரொட்டியத் தின்னு கெட்டுப் போயிட்டான்" என்று வாய்விட்டே சொன்னார்.

"வருஷக்கணக்கா நீங்கதான் இடிக்கணும்னு சொன்னதாக் கேள்விப்பட்டேன்," என்றார் போதகர். "இப்ப என்ன ஆச்சு?"

"எனக்குக் கல்யாணம் இருக்கு."

"கல்யாணத்துக்கும் தூணுக்கும் என்னங்க சம்பந்தம்?"

போதகர் ஊருக்குப் புதியவர். அவரைத் தவிர எல்லோரும், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு தெருவும் சேர்ந்து, சிரித்துவிட்டார்கள்.

சாயங்காலம் பெட்டிக்காரர் ரொட்டிக்கடைக்குப் போனார். செய்தி அவருக்கு முன்னாலேயே போயிருந்தது. அவள் அவருக்கு ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு, "தூண விட்டுட்டீங்கங்குறதுக்காக நான் உருகிட மாட்டேன்" என்றாள்.

"தெரியும்."

"நீங்க முப்பது வருஷம் தப்பான ஆளத் திட்டியிருக்கீங்க."

"தெரியும்."

"அவளையும் திட்டியிருக்கீங்க. ஓடுகாலின்னு என் காதுபடச் சொல்லியிருக்கீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அவளப் போய்ப் பாத்து மன்னிப்புக் கேக்கணும்னு இருக்கேன்" என்றார்.

"வேண்டாம். அவ மறந்தே போயிருப்பா. பெட்டிக்காரர் வந்திருக்காருன்னா அவ புருஷன் பயந்துடுவாரு." அவள் மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "போதகர்கிட்ட தேதி கேளுங்க. வாசல் வரைக்கும் வரேன். அந்தத் தூண்கிட்ட வந்தப்புறம் என்ன பண்ணுவேன்னு இப்பச் சொல்ல மாட்டேன். வாக்கும் தர மாட்டேன். அதையும் தெரிஞ்சுக்கிட்டு வர்றதா இருந்தா வாங்க."

"வரேன்," என்றார் அவர்.

மூன்று வாரம் சபையில் கல்யாண அறிவிப்பு வாசித்தார்கள். அந்த மூன்று வாரமும் அவர் தூங்கின தூக்கத்தைச் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஒரு பெட்டிக்கு மூடியைத் தலைகீழாகப் பொருத்தினார். இன்னொன்றை ஒரு சாண் நீளமாகச் செய்தார். அதற்குள் போனவர் ஊரிலேயே குள்ளமானவர், விசாலமாகப் போய்ச் சேர்ந்தார்.

கல்யாணத்தன்று காலையில் தேவாலயம் நிரம்பி வழிந்தது. கிறிஸ்துமஸுக்குக்கூட வராதவர்கள் வந்திருந்தார்கள். பெண்கள் பக்கம் முன்வரிசைக்கு அடிதடி நடந்ததாகக் கேள்வி. மேலத்தெருக்காரர்கள் வரமாட்டோம் என்று சொல்லியிருந்தவர்கள்தான். முறைத்துக்கொண்டே வந்து முதலில் உட்கார்ந்துவிட்டார்கள். வாசலில் அவள் சாம்பல் நிறப் பட்டுடுத்தி நின்றாள். அவர் கையை நீட்டினார். அவள் பிடித்தாள். அடுப்பு வேலை செய்து காய்த்துப்போன கை, சூடாக இருந்தது.

முதல் தூண் வந்தது, கை விட்டது, சேர்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. கடைசித் தூண் வந்ததும் அவர் தானாகக் கையை எடுக்கவில்லை. தூண் நடுவில் வர வர விரல் நுனிவரை பிடித்துக்கொண்டே போனார். பிறகு கை காலியாயிற்று. அவசரப்படாமல், எண்ணி எண்ணி வைத்தது போலக் காலை வைத்துச் சுற்றிக்கொண்டு வந்தார். போதகர் நின்றிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

பாட்டின் ஒரு அடிகூட அவர் பொறுக்கவில்லை. போதகர் இரும வாயெடுப்பதற்குள் பீடத்துக்கு முன்னால் குறுக்கே பாய்ந்து, தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மாப்பிள்ளை வந்ததும் காணாமல் போனதும்தான் தெரிந்தது. "இந்தத் தடவ ரெண்டு பேருமே போயிட்டாங்கடா" என்று யாரோ சொன்னது கடைசி வரிசைவரை கேட்டது.

அவள் போகவில்லை. முன்வரிசைப் பெஞ்சின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த ஒரு ஆணியில் சேலையோரம் மாட்டி, அதைக் கிழியாமல் இழுக்கப் பார்த்து வேர்த்துப் போய் நின்றுகொண்டிருந்தாள். அவர் வந்த வேகத்தில் அவள்மேல் மோதி, பெண்கள் பக்கம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் காலடியில் மண்டியிட்டு உட்கார்ந்து துணியை ஆணியிலிருந்து எடுத்தார். அவசரத்தில் கொஞ்சம் கிழிந்துவிட்டது. அவள் குனிந்து அவரைப் பார்த்தாள்.

"நான் வந்துக்கிட்டுதானே இருக்கேன். ரெண்டு நிமிஷம் நின்னு பொறுக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்," என்றார் பெட்டிக்காரர்.